கிளினிக் கார்டைக் கேட்காத வாசல்கள்: கொழும்பு முன்பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் தனியார் முன்பள்ளிகளையும் பகல் பராமரிப்பு நிலையங்களையும் நடத்தும் நிர்வாகிகளுக்கு,

“பிள்ளையின் தடுப்பூசி விபரங்கள் பெற்றோரின் தனிப்பட்ட விடயமாகையால் நிலையம் அவற்றைக் கோருவதில்லை, பிள்ளைகளிடையே தொற்றக்கூடிய நோய்களுக்கு நிலையம் பொறுப்பேற்காது.” உங்களில் ஒருவர் நடத்தும் நிலையம், தன்னிடம் பிள்ளைகளை விடும் பெற்றோர் எல்லோரிடமும் கையொப்பம் கேட்டு அனுப்பிய கடிதத்தில் இந்த வாசகம் இருக்கிறது. அந்தக் கடிதம் என் மகளின் கைக்கு வந்தபோது, அதே நிலையத்தில் சின்னமுத்து (தட்டம்மை) தொற்றிய அவளுடைய ஏழு மாதக் குழந்தை வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பி ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. விசாரித்துப் பார்த்தபோது வேறு நிலையங்களின் அனுமதிப் படிவங்களிலும் ஏறத்தாழ இதே வாசகம் இருப்பதைக் கண்டேன். ஆகவேதான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். அந்த நிலையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், அது அவர்கள் விட்ட பிழை என்று சொல்லி மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வீர்கள்.

நான் ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். வடகொழும்பில் தோட்டங்கள் என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் வீடு வீடாக ஏறி இறங்கி, பிறந்த பிள்ளைகளைப் பதிந்து, நிறை பார்த்து, ஊசிக்கு வரச் சொல்லி வாசலில் நின்று வாதாடியே என் உத்தியோக காலம் கழிந்தது. சின்னமுத்தை நூலில் படித்து எழுதும் நிலையில் நான் இல்லை. இலங்கையில் சின்னமுத்துத் தடுப்பூசி 1984இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்குப் பிறகும் 1999 இறுதியில் தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை நீண்ட பெரும் பரவலின்போது, ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்த கதவுகளுக்குப் பின்னால் பிள்ளைகள் கண் திறக்க முடியாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு ஊசி போதாது என்று தெரிந்ததால்தான் 2001இல் மூன்று வயதில் இரண்டாவது ஊசி வந்தது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகள் தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்கிறாள். சட்டம் அவளுக்குத் தரும் மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். அது முடிந்ததும் குழந்தையைப் பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள். குழந்தைக்கு இரண்டாம், நான்காம், ஆறாம் மாத ஊசிகள் எல்லாம் நாள் தவறாமல் போடப்பட்டிருந்தன. அந்த நிலையத்தில் கைக்குழந்தைகளின் அறை மேல்மாடியிலும் முன்பள்ளி வகுப்புகள் கீழேயும் இருக்கின்றன. ஆனால் பிற்பகலில் பெற்றோர் வரும்வரை எல்லாப் பிள்ளைகளையும் யன்னல்கள் அடைத்த, குளிரூட்டிய ஒரே மண்டபத்தில் வைத்திருப்பது அங்கு வழக்கம். மின்கட்டணத்தை எண்ணிச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். ஒரு நோய்க்கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

முன்பள்ளிப் பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சலும் இருமலும் கண் சிவப்பும் இருந்தன. காலையில் பனடோல் பாணி கொடுத்து அனுப்பினால் மத்தியானம் வரைக்கும் காய்ச்சல் தெரியாது. இது தாய்மாருக்கும் தெரியும், உங்கள் ஆசிரியைகளுக்கும் தெரியும். சில நாட்களில் அந்தப் பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்து முகத்துக்குச் செம்புள்ளிகள் பரவின. வைத்தியரிடம் காட்டி, சின்னமுத்து என்று அறிந்த தாய் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை, அவர் மறைக்கவில்லை. மறைத்தது நிலையம். பெற்றோர் பதறிவிடுவார்கள், ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று ஆசிரியைகளுக்குக் கட்டளை போயிற்று. அந்த நாட்களில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டுப் போட்டிக்கான டீசேர்ட் அளவுகளைக் கேட்டுச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன.

எங்களுக்கு உண்மை தெரிந்தது வைத்தியசாலையில். எங்கள் குழந்தைக்கு நான்கு நாட்களாகக் கடுங்காய்ச்சல். மூக்கடைப்பால் பால் இழுக்க முடியவில்லை; இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு மூச்சுக்காகத் தலையைத் திருப்பி அழும். அழுகையும் கரகரத்து வெளியே வராது. பீளை கட்டி இமை மயிர்கள் ஒட்டிக்கொள்ள, கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துத்தான் கண்ணைத் திறக்க வைத்தோம். வாய்க்குள் கன்னத்துச் சதையில் உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகளைக் கண்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. நெஞ்சில் சளி இறங்கி நியூமோனியா ஆகி ஒட்சிசன் கொடுக்க வேண்டிவந்தது. சின்னமுத்துக்கான வழமையின்படி இரண்டு நாள் விற்றமின் ஏ சொட்டு மருந்து கொடுத்தார்கள். “யாரோடாவது தொடர்பு இருந்ததா?” என்று வைத்தியர் கேட்டார், என் மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த கட்டிலில் இருந்த தாயிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் அவருடைய மகனும் அதே நிலையத்துப் பிள்ளை என்பது தெரிந்தது. அந்தப் பையன் ஒன்பதாம் மாத ஊசிக்குக் காத்திருந்தவன். அந்த மாதம் பிறக்க அவனுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

இனி, இதில் எவ்வளவு உங்கள் பொறுப்பு, எவ்வளவு இல்லை என்பதையும் நியாயமாகப் பார்ப்போம். சின்னமுத்து வந்த பிள்ளை, செம்புள்ளி தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்னிருந்தே மற்றவர்களுக்கு நோயைக் கொடுக்கத் தொடங்கிவிடும். அந்த நாட்களில் அது சாதாரணத் தடிமன் காய்ச்சல்போலத்தான் இருக்கும். அதை உங்கள் ஆசிரியை கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அனுபவமுள்ள வைத்தியர்களே தடுமாறும் கட்டம் அது. நோயுள்ள ஒருவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி உயிரோடு இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அந்தக் காற்றைச் சுவாசித்தால் ஒன்பது பேர் வரைக்கும் தொற்றலாம். ஒரு நோயாளியிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்குப் பரவக்கூடியது என்று கணக்கிடப்பட்ட நோய் இது. ஆகவே முதல் நான்கு நாட்களில் நடந்ததற்கு நான் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை.

என் முறைப்பாடு, தெரிந்த பிறகு நீடித்த மௌனத்தைப் பற்றியது. சின்னமுத்து உள்ளவரோடு ஓர் அறையில் இருந்த ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு, 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோய் வராமல் தடுக்கவோ அதன் கடுமையைக் குறைக்கவோ வாய்ப்பு உண்டு. அந்த நேரம் கடந்துவிட்டாலும், அதைவிட இளைய குழந்தையாக இருந்தாலும், ஆறு நாட்களுக்குள் கிருமியை எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் அடங்கிய இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை ஏற்றுவது பற்றி வைத்தியர் முடிவெடுக்கலாம். அந்தத் தாய் உங்கள் சக நிர்வாகிக்குத் தொலைபேசி எடுத்த அன்றே எங்களுக்கும் ஒரு வரி வந்திருந்தால், முதல் வாய்ப்புச் சில குழந்தைகளுக்குத் தவறியிருக்கலாம். இரண்டாவது வாய்ப்பு இன்னும் திறந்தே இருந்திருக்கும். எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை வைத்தியர் பார்த்துக்கொள்வார். ஆனால் வைத்தியரிடம் போகவேண்டும் என்பதே தெரியாத பெற்றோருக்கு அந்த ஆறு நாட்களும் வீணாகிப் போயின. பதற்றம் வரக்கூடாது என்று எங்களிடமிருந்து மறைத்தது இந்த நாட்களைத்தான்.

“நோய் வந்த பிள்ளையின் அந்தரங்கத்தைக் காப்பாற்றினோம்” என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அந்தப் பிள்ளையின் பெயரை யார் கேட்டார்கள்? “எங்கள் நிலையத்தில் ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து என்று அறிகிறோம், ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகளின் பெற்றோரும் கர்ப்பிணித் தாய்மாரும் உடனே வைத்தியரை நாடவும்” என்று எழுதப் பெயர் தேவையில்லை. டீசேர்ட் செய்தியைவிட அது நீளமும் இல்லை.

எங்கள் முன்னோர் இந்த விடயத்தில் உங்களைவிட ஒழுங்காக நடந்தார்கள் என்றுகூடச் சொல்வேன். அம்மாள் வருத்தம் என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வேப்பிலை நோயை மாற்றியது என்று என் உத்தியோகத்தில் இருந்த எவரும் சொல்லமாட்டார். ஆனால் அதைக் கண்டவர்கள் அந்த வீட்டுக்குள் போகமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் வெளியே வராது. கைக்குழந்தை உள்ளவள் தெருவின் மறுகரையால் போவாள். வெட்கமோ மறைப்போ இல்லாமல் அயலுக்கு உரிய நேரத்தில் தகவல் போய்விடும். கண்காணிப்புக் கமராவும் கைபேசிச் செயலியும் வைத்திருக்கும் நிலையங்களால் அந்த ஒன்றைச் செய்ய முடியவில்லை.

இனித் தடுப்பூசி அட்டையை, அதாவது கிளினிக் கார்ட் என்று நாம் சொல்லும் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டை, கேட்காத கொள்கைக்கு வருகிறேன். இந்த மடலின் முக்கிய விடயம் இதுதான். நமது நாட்டில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். ஊசி முதல் தடவை ஒன்பது மாதம் பூர்த்தியானதும், இரண்டாவது தடவை மூன்று வயது பூர்த்தியானதும் போடப்படுகிறது. இதைவிட முன்னதாகப் போடாததற்குக் காரணம் இருக்கிறது. தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரிகள் குழந்தையின் உடலில் மிச்சமிருந்தால் அவை ஊசியைப் பிடிக்க விடாது; ஆகவே அவை குறையும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அவை எல்லாக் குழந்தைகளிலும் ஒரே நாளில் குறைவதில்லை. என் தலைமுறைத் தாய்மார் பலர் சிறுவயதில் நோயே வந்து எழுந்தவர்கள். அவர்களின் குழந்தைகளுக்கு அந்தப் பாதுகாப்புச் சற்று நீண்ட காலம் நிற்கும். 1984க்குப் பின் பிறந்து, ஊசியால் பாதுகாப்புப் பெற்ற என் மகள் போன்றவர்களின் குழந்தைகளிடம் அது நேரத்துடனேயே கரைந்துவிடுகிறது.

இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த நாடு அனுபவித்தே அறிந்தது. 2011இல் எம்.எம்.ஆர். அறிமுகமானபோது முதல் ஊசியை ஒன்பதாம் மாதத்திலிருந்து ஒரு வயதுக்குத் தள்ளினோம். 2013, 2014இல் நோய் பரவியபோது ஒரு வயதை எட்டாத குழந்தைகள் பெருந்தொகையில் பாதிக்கப்பட்டார்கள். 2015இல் அதை மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்கே கொண்டுவந்தோம். 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையைச் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக அறிவித்தது. நோய் இனி வராது என்று அதற்குப் பொருளில்லை. உள்ளூரில் சங்கிலியாகத் தொடர்ந்து பரவுவது நின்றுவிட்டது என்பதுதான் பொருள். கட்டுநாயக்காவில் நாளாந்தம் இறங்கும் விமானங்களில் அது எப்போதும் வந்து சேரலாம். வந்தும் சேர்ந்தது. 2023இன் நடுப்பகுதியிலிருந்து மீண்டும் பரவி, 2024 ஜனவரியில் கொழும்பு உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிக ஊசியொன்றைப் போடவேண்டிய நிலை வந்தது.

84 நாட்களில் தாயின் விடுமுறை முடிகிறது. ஒன்பது மாதத்தில் முதல் ஊசி. இடையில் உள்ள ஏறத்தாழ ஆறு மாதங்கள் கொழும்பில் வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்? உங்களிடம் இருக்கிறார்கள். அந்த ஆறு மாதமும், தாயிடமிருந்து வந்து கரைந்துகொண்டிருக்கும் பாதுகாப்பைத் தவிர, அந்தக் குழந்தைக்குத் தனக்கென்று சொல்லிக்கொள்ளும் பாதுகாப்பு ஏதுமில்லை. கீழ்மாடியில் விளையாடும் மூன்று வயதுப் பிள்ளைகளின் உடலில் உள்ள பாதுகாப்புத்தான் அதன் பாதுகாப்பு. அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஊசி போட்டவர்களாக இருந்தால், வெளியிலிருந்து ஒருவர் நோயைக் கொண்டுவந்தாலும் அது மேல்மாடிக்கு ஏற எளிதில் வழி கிடைக்காது. அந்தப் பிள்ளைகளின் அட்டையைப் பார்க்க மறுக்கும் நீங்கள், மேல்மாடிக் குழந்தையின் பெற்றோரிடம் மாதாந்தக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரேயொரு காப்பு உண்டா இல்லையா என்று பார்க்கமாட்டேன் என்கிறீர்கள். ஒருவரின் தனிப்பட்ட விடயம் மற்றொருவரின் குழந்தைக்கு நியூமோனியாவைக் கொடுக்கும்போது அது எப்படித் தனிப்பட்டதாக இருக்க முடியும்?

“தேசிய அளவில் எல்லோரும் ஊசி போடுகிறார்கள்தானே, நாங்கள் ஏன் பார்க்கவேண்டும்?” என்றும் ஒரு நிர்வாகி கேட்டார். உண்மைதான், இந்த நாட்டில் தாய்மார் ஊசிக்குப் பிள்ளையைக் கொண்டுவருவதில் நாங்கள் பெருமைப்படலாம். ஆனால் தேசியச் சராசரி உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதில்லை. கொழும்பில் யார் விடுபட்டுப் போகிறார்கள் என்பது வீடு வீடாகப் போன எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகைக்கு இருந்துவிட்டு அடுத்த வருடம் வேறு இடம் மாறும் குடும்பம், பழைய பிரதேசத்து உத்தியோகத்தரின் பதிவில் இருக்கும். புதிய பிரதேசத்தில் அப்படியொரு பிள்ளை இருப்பதே எவருக்கும் தெரியாது. மத்திய கிழக்கிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பிய பிள்ளைகளின் ஊசிகள் வேறு அட்டவணைப்படி போடப்பட்டிருக்கும். எது போட்டது, எது விட்டது என்று எவரும் ஒப்பிட்டிருக்கமாட்டார்கள். கொரோனா முடக்கத்தின்போதும் 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் கிளினிக் தவறிய பிள்ளைகள் உண்டு. உயர்ந்த தொடர்மாடிகளின் காவலாளி எங்களை மின்தூக்கிக்கே விடாத அனுபவமும் எனக்கு நிறைய உண்டு. தோட்டத்துத் தாயைவிட அந்த மாடித் தாயைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அப்படிப்பட்ட பிள்ளை முதன்முதலாகக் கால் வைக்கும் நிறுவனம் எது? உங்கள் முன்பள்ளி. அதுவும் இரண்டரை, மூன்று வயதில், இரண்டாவது எம்.எம்.ஆர். ஊசி போடவேண்டிய அதே வயதில். இந்த நகரில் வேறு எவருக்கும் கிடைக்காத வாய்ப்பு உங்கள் அலுவலக மேசைக்குத் தானாக வந்து சேர்கிறது.

அனுமதி நேர்காணலில் நிறங்களின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்கிறீர்கள். தகப்பனின் தொழிலைக் கேட்கிறீர்கள். மீளளிக்கப்படாத வைப்புப் பணத்தைக் கேட்கிறீர்கள். சுகாதார விருத்திப் பதிவேட்டில் ஊசிப் பக்கத்தைத் திறந்து இரண்டு திகதிகளைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

கேட்டால் சில பெற்றோர் மனம் நோவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. ஊசி வேண்டாம் என்று உறுதியாக இருப்பவர்கள் என் அனுபவத்தில் மிகச் சிலரே. பெரும்பாலானவர்கள் மறந்தவர்கள், இடம் மாறியவர்கள், பிள்ளைக்குத் தடிமன் என்று ஒருமுறை தள்ளிப்போட்டு அப்படியே விட்டவர்கள். கேட்டால் போட்டுவிடுவார்கள். எம்.எம்.ஆர். ஊசியால் ஓட்டிசம் வரும் என்று குரல்பதிவு அனுப்புகிறவர்களுக்கு ஒரு பதில் போதும்: அந்தக் கதையைத் தொடக்கிவைத்த 1998ஆம் ஆண்டின் கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றது, எழுதிய வைத்தியரின் பெயர் பிரித்தானிய மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

“சின்னமுத்துத்தானே, எல்லோருக்கும் வந்து போனதுதானே” என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்தது, எல்லோரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. தடுப்பூசிக்கு முந்திய காலத்தில் உலகில் ஆண்டுதோறும் சுமார் 26 இலட்சம் உயிர்களை அது கொண்டுபோனது. 2023இல்கூட ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது, அவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். பிழைத்த பிள்ளைக்கும் கணக்கு அங்கேயே முடிவதில்லை. முன்பு வந்த நோய்களுக்கு எதிராக உடல் சேர்த்து வைத்திருந்த நினைவை இந்தக் கிருமி அழிக்கிறது. 2019இல் வெளியான ஆய்வொன்று, பிள்ளைகளின் உடலில் இருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 வீதம் வரை சின்னமுத்துக்குப் பின் இல்லாமற்போனதைக் காட்டியது. எங்கள் குழந்தை வீடு வந்த பிறகு வயிற்றோட்டம், காதில் சீழ் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டதை நான் கூட இருந்து பார்த்தேன். இதற்கும் மேலே, மிக அரிதாக, நோய் வந்து பல ஆண்டுகளின் பின் மூளையைத் தாக்கும் ஒரு வடிவம் இருக்கிறது. அதைக் குணமாக்க மருந்து இல்லை. இரண்டு வயதுக்கு முன் சின்னமுத்து வந்த பிள்ளைகளிடம் அதன் அபாயம் கூடுதல். என் மகளுக்கு இதை நான் இன்னும் விளக்கிச் சொல்லவில்லை. அவள் தானாகவே தேடி வாசித்துவிட்டாள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. அனுமதிப் படிவத்திலிருந்து அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டின் ஊசிப் பக்கத்தைக் காட்டுவதைச் சேர்க்கைக்கான நிபந்தனையாக்குங்கள். ஒரு ஊசி விடுபட்டிருந்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அந்தப் பெற்றோரை அனுப்பி, குறித்த தவணைக்குள் ஊசி போட்டுவிட்டு அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த ஊசி அங்கே இலவசம். மருத்துவக் காரணத்தால் போட முடியாத பிள்ளை இருந்தால் அதற்கு வைத்தியரின் கடிதம் இருக்கும். அந்தப் பிள்ளையையும் காப்பாற்ற வேண்டியவர்கள் மற்றப் பிள்ளைகள்தான். தற்போது உங்களிடம் இருக்கும் பிள்ளைகளின் அட்டைகளையும் இந்தத் தவணை முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். அட்டையை வாசிக்கத் தெரியாது என்றால் பிரதேசத்துக் குடும்பநல உத்தியோகத்தரை ஒரு காலை வேளைக்கு அழையுங்கள், மறுக்கமாட்டார். ஓய்வில் இருக்கும் என்னைப் போன்றவர்களும் வருவோம், ஒரு சதமும் வேண்டாம்.

உங்கள் ஆசிரியைகளையும் ஆயாமாரையும் மறக்கவேண்டாம். இளம் பெண்கள் பலருக்குத் தாங்கள் இரண்டு ஊசி போட்டதா என்பதே தெரியாது. கைக்குழந்தையை நாள்முழுதும் தூக்கி வைத்திருப்பவர்கள் அவர்கள். அவர்கள் கர்ப்பமாவதற்கு முன்னரே இதைச் சரிபார்க்கவேண்டும், ஏனெனில் கர்ப்ப காலத்தில் இந்த ஊசியைப் போடமுடியாது.

காய்ச்சலோடு செம்புள்ளியும் கண் சிவப்பும் உள்ள பிள்ளையை அன்றே வீட்டுக்கு அனுப்புங்கள். சின்னமுத்து என்றால் புள்ளி தோன்றிய பின் நான்கு நாட்கள் முழுதாகக் கழியும்வரை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நாட்களுக்கான கட்டணத்தைக் கழித்துவிடுங்கள். சுகமில்லாத பிள்ளையைப் பனடோல் கொடுத்து அனுப்பவைப்பதில் அந்தக் கட்டணத்துக்கும் பங்குண்டு. சந்தேகம் வந்த அன்றே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், பெயர் குறிப்பிடாமல் எல்லாப் பெற்றோருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அறிவியுங்கள். ஒன்பது மாதம் ஆகாத குழந்தைகளின் பெற்றோரைத் தனித்தனியே தொலைபேசியில் அழையுங்கள். சின்னமுத்து நமது நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். பார்த்த வைத்தியர் அறிவித்திருப்பார் என்று இருந்துவிடாமல், பிரதேசத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நீங்களும் சொல்லுங்கள். கைக்குழந்தைகளை எந்த வேளையிலும் பெரிய பிள்ளைகளோடு ஒரே அடைத்த மண்டபத்தில் வைக்காதீர்கள். யன்னல்களைத் திறவுங்கள்.

முன்பள்ளிகளைப் பதிவு செய்யும் மாகாண அதிகாரிகளுக்கு இந்த மடலின் பிரதியை அனுப்புகிறேன். இவற்றைப் பதிவுக்கான நிபந்தனைகளாக்கும்படி அவர்களைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த உத்தரவு வரும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. புதிய தவணைக்கான விண்ணப்பப் படிவங்களை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த வாசகத்தை நீக்கிவிட்டீர்களா என்பதை, உங்கள் நிலையத்தின் பெயரோடு, உங்கள் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். என் மகள் கையொப்பமிடாத கடிதம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதை அனுப்பிய நிர்வாகி அதை மீளப்பெறுவதாக எழுத்தில் அறிவிக்கும்வரை அதில் எவரும் கையொப்பமிட வேண்டாம் என்று மற்றப் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்,
கொழும்பு 13